ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மாத்திரை போதுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 57 வயது. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 1,82,000 என்று வந்திருக்கிறது. மண்ணீரலும் பெரிதாகியிருக்கிறது. மதுரையில் பார்த்த டாக்டர், "இது சிஎம்எல், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால் போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் யாரும் நம்பவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றாமல் இந்த நோய் போகாது, உடனே வேலூருக்குக் கிளம்புங்கள் என்கிறார் பெரியப்பா. சித்த மருந்தில் பாஷாணம் கொடுத்தால் தீரும், இங்கிலீஷ் டாக்டர்களே இப்போது அதைத்தான் கொடுக்கிறார்கள் என்கிறார் அம்மான். நித்தியகல்யாணிச் சாறு தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி முடித்திருப்பதால் விஷயம் வெளியே போகக் கூடாது என்கிறார் ஆத்தா (தம்பியின் அம்மா). தம்பி எழுதியிருக்கும் கேள்வி, "எந்தச் சிகிச்சை சிறந்தது?" என்பது. ஆனால் வரிகளுக்கு நடுவே அவர் கேட்பது வேறு. இவ்வளவு பெரிய பெயருள்ள நோய்க்கு இவ்வளவு சின்ன மருந்தா, டாக்டர் எங்களை ஏமாற்றி அனுப்புகிறாரா என்பதுதான் அது.

நான் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை. காரைக்குடியில் 27 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் நோய்க்குறியியல் மருத்துவன். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் தொழில். அப்பச்சியின் அறிக்கையையும் ஸ்லைடையும் நான் பார்க்கவில்லை. அதனால் "அப்பச்சிக்கு இது சரி" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சிஎம்எல் என்பது உறுதியானால் என்ன உண்மை, என்ன பொய் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்வோம். நம் பக்கம் இரண்டு நகரத்தார் புதிதாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பதோடு விடுவதில்லை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பிரிவு, விலாசம் என்ன என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்று தெரியாமல் சம்பந்தம் பேச முடியாது. "ரத்தப் புற்றுநோய்" என்பதும் அப்படி ஒரு சமூகத்தின் பெயர்தான், ஆளின் பெயர் இல்லை. வேகமாக வருவதா, மெதுவாக வருவதா? மஜ்ஜையில் எந்த அணுவிலிருந்து கிளம்பியது? எந்த மரபணு கெட்டிருக்கிறது? இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு. உங்கள் வீட்டில் ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் முழுப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொன்றும் வேறு வேறு கோயிலைச் சேர்ந்த ஆளைப் பற்றிய உண்மை.

சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, முதிர்ந்த பிறகுதான் ரத்தத்துக்கு வரும். வேகமான ரத்தப் புற்றுநோயில் ஸ்லைடைப் பார்த்தால் எல்லாம் கைக்குழந்தைகளாக இருக்கும். பிளாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் முதிராத அணுக்கள், எங்கு பார்த்தாலும் ஒரே முகம். வேலை செய்யத் தெரியாத கூட்டம் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணுவும் தட்டணுவும் உருவாக இடமில்லை. காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று சில வாரங்களில் ஆள் படுத்துவிடுவார். சிஎம்எல் மெதுவாக வரும் வகை, அதன் ஸ்லைடு அப்படி இருக்காது. அது தேர்த் திருவிழாக் கூட்டம். கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை எல்லா வயது அணுவும் நடந்துகொண்டிருக்கும், கூட்டம்தான் அளவுக்கு மீறியிருக்கும். முதிர்ந்த அணுக்கள் ஓரளவு வேலையும் செய்வதால் ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, இரவில் வியர்க்கிறது, கொஞ்சம் இளைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்வார். வயிறு நிறைவதற்குக் காரணம், இடது விலாவுக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் இரைப்பையை அழுத்துவதுதான். அப்பச்சியைக் கேட்டுப் பாருங்கள், ஆறேழு மாதமாகவே இருந்திருக்கலாம்.

கடுமையான தொற்று வந்தாலும் வெள்ளை அணு ஏறும். ஆரம்ப காலத்தில் 38,000 எண்ணிக்கையோடு வந்த ஒருவருக்கு நான் "தொற்றின் விளைவு" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மண்ணீரல் தொப்புள் வரை இறங்கி அவர் திரும்பி வந்தார். பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தபோது பேசோபில் என்ற வெள்ளை அணு கூடுதலாக இருந்தது, அது சிஎம்எல்லைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளம். நான் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு ஸ்லைடை மட்டும் வைத்து நான் இந்த நோயை முடிவு செய்வதில்லை, தள்ளுவதும் இல்லை. 1,82,000 என்பது தொற்றுக்கு மிக அதிகம்தான். ஆனாலும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற மரபணுச் சோதனை இல்லாமல் சிஎம்எல் உறுதியாகாது. கைநரம்பில் எடுக்கும் ரத்தமே இதற்குப் போதும். அந்த அறிக்கை கையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய மஜ்ஜைச் சோதனையும் பெரும்பாலும் கேட்பார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று பயந்து பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஊசி இறங்குவது இடுப்பெலும்பில், தண்டுவடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரத்துப்போக ஊசி போட்டும் ஒரு சுண்டு வலி வலிக்கும், அவ்வளவுதான்.

அந்த மரபணு விஷயம்தான் உங்கள் கேள்விக்குப் பதில், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரவுலி அது ஏன் என்று கண்டுபிடித்தார். 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் புதிதாக ஒரு மரபணு பிறக்கிறது. அது செய்யும் புரதம், அணைக்க முடியாத மோட்டார் சுவிட்ச் மாதிரி. "பெருகு, பெருகு" என்று அணுவுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்றப் பல புற்றுநோய்களில் பத்து இருபது கோளாறுகள் பின்னிக் கிடக்கும். இங்கே, ஆரம்பக் கட்டத்தில், நோயை ஓட்டுவது கிட்டத்தட்ட இந்த ஒரே சுவிட்ச். அந்தச் சுவிட்சின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும்படி செய்த மாத்திரைதான் இமாடினிப். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து சின்னதாக இருப்பதற்குக் காரணம், அது குறி வைக்கும் இடம் ஒன்றே ஒன்று என்பதுதான். டாக்டர் ஏமாற்றவில்லை.

இந்த மாத்திரைக்கு முந்தைய காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஹைட்ராக்ஸியூரியா கொடுப்பார்கள், எண்ணிக்கை இறங்கும், ஆள் தெளிவாக இருப்பார். மூன்று, நான்கு, ஐந்து வருடத்தில் ஒருநாள் நோய் வேகமானதாக மாறிவிடும். பிறகு சில மாதங்கள்தான். இமாடினிப் வந்த பிறகு கதை மாறியது. அதை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 10 வருடம் கழித்தும் 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். இறந்தவர்களிலும் பலர் வேறு காரணங்களால் இறந்தவர்கள். ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்து, மருந்துக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டால், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்கு அருகில் இவர்களின் ஆயுளும் போகிறது. இது உறுதியான விஷயம். அப்பச்சி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறாரா என்பது இன்னும் உறுதியாக வேண்டிய விஷயம். அறிக்கையில் பிளாஸ்ட் எத்தனை சதவீதம், மண்ணீரல் விலாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்ற இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள்.

பெரியப்பா சொன்னது 25 வருடத்துக்கு முன்பு சரி. அன்று சிஎம்எல்லை வேரோடு எடுக்க மஜ்ஜை மாற்று ஒன்றே வழி. வேலூர் சிஎம்சி அதை 1986-லேயே தொடங்கிவிட்டது, அந்தப் பெயர்தான் இன்றும் ஊரில் நிற்கிறது. ஆனால் மாற்று என்பது உயிருக்கே ஆபத்து வரக்கூடிய சிகிச்சை. கூடப் பிறந்தவர் ஒருவருக்கு முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்புதான். பிறர் மஜ்ஜை நம் உடம்பையே எதிர்க்கவும் கூடும். இன்று சிஎம்எல்லில் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். பல மாத்திரைகள் தோற்றால், அல்லது நோய் வேகமானதாக மாறினால் மட்டும். சிஎம்எல் கிளம்பும் அதே மைலாய்டு அணுக் குடும்பத்தில் வரும் வேகமான வகையில்தான் மாற்றுக்கு இன்றும் பெரிய இடம் உண்டு. அங்கே முதலில் கடுமையான கீமோதெரபி, நோய் அடங்கியதும் பலருக்கு மாற்று. மெதுவான இன்னொரு வகையான சிஎல்எல் இதற்கு நேர் எதிர். வயதானவர்களுக்கு வருவது, பலருக்கு வருடக்கணக்கில் மருந்தே வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும். ஒரே பெயருக்குள் எவ்வளவு தூரம் பாருங்கள்.

பாஷாணம் விஷயத்தில் அம்மானை யாரும் கேலி செய்ய வேண்டாம். வெள்ளைப் பாஷாணம் என்று நாம் சொல்வது ஆர்செனிக் ட்ரையாக்சைடுதான். சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970-களில் அதை ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று வைட்டமின் ஏ சார்ந்த ஒரு மருந்தோடு சேர்த்து உலகம் முழுவதும் கொடுக்கிறார்கள். அபாயம் குறைந்த நோயாளிகளில் 10-க்கு 9 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் அது ஏபிஎல் (APL) என்ற ஒரே ஒரு வேகமான வகைக்கு மட்டும், மேலே சொன்ன மரபணுச் சோதனையின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த வகை வந்தால் ஆள் முதல் சில நாட்களிலேயே ரத்தக் கசிவில் போய்விடலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஊசியையும் ஆஸ்பத்திரியில் வைத்து, இதயத் துடிப்பை அளந்து அளந்துதான் கொடுப்பார்கள். அப்பச்சியின் நோய்க்கு அது மருந்து இல்லை. அளவு தெரியாமல் உள்ளே போனால் வெறும் விஷம்.

நித்தியகல்யாணியும் அப்படித்தான். நம் பழைய வீடுகளின் முற்றத்திலும் மதில் இடுக்கிலும் தானாக முளைக்கும் அந்தச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற மருந்து எடுக்கிறார்கள், உண்மை. லிம்ஃபாய்டு என்ற இன்னொரு அணுக் குடும்பத்தில் கிளம்பி, குழந்தைகளுக்கு வரும் வேகமான வகைக்கு அது உயிர்நாடி. அதே நோய்க்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கியது. இன்று நல்ல வசதியுள்ள நாடுகளில் அந்தக் குழந்தைகளில் 10-க்கு 8, 9 பேர் பிழைக்கிறார்கள், இரண்டு வருடத்துக்கும் மேல் நீளும் சிகிச்சைக்குப் பிறகு. சரி, ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு டம்ளர் சாற்றில் அந்த மருந்து இருப்பதாக நினைப்பது வீண். செடியில் உள்ள மற்ற நச்சுகள்தான் உள்ளே போகும். சாற்றை இன்றோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே குடித்தார் என்பதை மறைக்காமல் மதுரை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பது. ஆரம்பக் கட்டத்தில் வழக்கமான அளவு தினம் 400 மில்லிகிராம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பிறகு மாத்திரை மேலேயே வெறுப்பு வந்துவிடும். முதல் வாரங்களில் யூரிக் அமிலம் ஏறாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் தரலாம். எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்துக்குள் சாதாரண நிலைக்கு வந்துவிடும், மண்ணீரலும் சுருங்கும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்கால் சதை இழுக்கும், வயிறு இளகும். சிலருக்குத் தோல் நிறம் வெளுக்கும். அதைப் பார்த்து உறவினர்கள் "நல்லா செவந்துட்டாரே, உடம்பு தேறிடுச்சு போல" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இமாடினிப்பின் வலுவைக் குறைத்துவிடும். பம்பளிமாஸ் பழ வகை அதை உடம்பில் அதிகமாக்கிவிடலாம். வேறு எந்த மருந்து ஆரம்பித்தாலும், நாட்டு மருந்தானாலும், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். குடலிறக்க ஆபரேஷனையும் எண்ணிக்கை இறங்கும் வரை தள்ளிப் போடச் சொல்வார்கள். அது அடைத்துக்கொண்டு வலித்தால் மட்டும் உடனே ஓட வேண்டும்.

எனக்கு இந்த மாத்திரையில் பயம் ஒன்றே ஒன்றுதான். அது நன்றாக வேலை செய்கிறது என்பது. ஆத்தங்குடிப் பக்கம் தரைக் கல் போடும் பட்டறையில் வேலை செய்த ஒருவர் என்னிடம்தான் மாதாமாதம் ரத்தம் கொடுப்பார். ஒரு வருடத்தில் எண்ணிக்கை 6,000. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே சார்" என்பார். வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது, அப்புறம் நின்றுவிட்டது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார், பிறகு விட்டேவிட்டார். 14 மாதம் கழித்து அவருடைய ஸ்லைடைப் பார்த்தபோது திருவிழாக் கூட்டம் இல்லை, வெறும் பிளாஸ்ட். அந்தக் கட்டத்தில் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் 100-க்கு 90 பங்குக்கு மேல் மாத்திரையைத் தவறாமல் எடுத்தவர்களுக்கும் அதற்குக் கீழே எடுத்தவர்களுக்கும் பலனில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருந்தது. 30 நாளில் 3 நாள் விட்டாலே 90-க்கு வந்துவிடுகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆத்தா விஷயத்தை மறைக்கச் சொல்வதில் என் கவலையும் இதுதான். விருந்தாளி முன்னால் மாத்திரை போடக் கூச்சப்பட்டு ஒருவேளை தள்ளுவார்கள், பிறகு மறந்துபோவார்கள்.

எண்ணிக்கை சரியாவதை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மரபணுவின் அளவைப் பார்ப்பது. சர்வதேச அளவுகோலில் 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழ், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குக் கீழ், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும் என்பது இலக்கு. முடிந்தவரை ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். (என் கூடத்தில் இந்தச் சோதனை கிடையாது, வெளியே அனுப்புகிறோம்.) இலக்குக்கு வரவில்லை என்றால் முதல் கேள்வி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பது. அடுத்தது சுவிட்சின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. டாசாடினிப், நிலோடினிப், போசுடினிப் என்று அடுத்த மாத்திரைகள் இருக்கின்றன. அவை எதற்கும் மசியாத ஒரு மாற்றத்துக்குப் போனாடினிப் இருக்கிறது. முதலிலேயே இந்தப் புதியவற்றில் ஒன்றைத் தொடங்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. அவை வேகமாக வேலை செய்கின்றன, ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது, ரத்தக்குழாய் அடைப்பது போன்ற தொல்லைகளும் அவற்றில் கூடுதல், மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசமும் தெளிவாக வரவில்லை. சர்க்கரையோ இதய நோயோ உள்ள 57 வயதுக்காரருக்கு இமாடினிப்பில் தொடங்குவது நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. மாத்திரையை என்றாவது நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் மிக ஆழமாக அடங்கியிருந்தால், டாக்டர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பது உண்டு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பாமல் இருக்கிறது. மீதிப் பேருக்குத் திரும்புகிறது, மறுபடி மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

பணத்தைப் பற்றிப் பெரியப்பா பயமுறுத்தியிருப்பார். ஒரு காலத்தில் இமாடினிப்பின் விலை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. மூலக் கம்பெனி காப்புரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2013 ஏப்ரல் 1 அன்று தோற்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நீங்கள் இன்று மெடிக்கல் கடையில் சில ஆயிரத்துக்கு வாங்குகிறீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டின் பரப்பைப் பார்த்து நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள். பங்காளிகள் பத்துப் பேருக்குச் சொந்தமான அறுபது அறை வீட்டில் வருமானமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அதில் தவறே இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது, நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. பல்லவன் ரயிலில் ஏறினால் சென்னை. ஆனால் அங்கே போகும்வரை மதுரையில் கொடுத்த மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள்.

தங்கச்சியைப் பற்றி. சிஎம்எல் தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. அந்தக் குரோமோசோம் மாற்றம் அப்பச்சியின் மஜ்ஜையில் ஒரு அணுவில் பிற்காலத்தில் நடந்தது, அவர் பிறக்கும்போது இல்லை, அதனால் அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் இல்லை. தம்பிக்கும் தங்கச்சிக்கும் சோதனை எதுவும் வேண்டாம். சம்பந்தி வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்போது வைகாசி. முதல் மூன்று மாதச் சோதனை சரியாக ஆவணியில், கல்யாண வேலைகளுக்கு நடுவில் வந்து விழும். ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் பாதகமில்லை. ரத்தம் கொடுக்கும் தேதியையும் ஒரு மாதத்துக்கான மாத்திரை வாங்கும் தேதியையும் கல்யாணச் செலவு எழுதும் அதே நோட்டில் எழுதி, யாராவது ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். முகூர்த்தத்தன்று அப்பச்சி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுக்கும் ஆள் யார் என்பது உட்பட.